இடப்பக்கத்துக் கதிரை

அழகமுத்துவுக்கு மீன் பிடிக்கத் தெரியாது. மீன் தின்னவும் தெரியாது, முள்ளென்றால் பயம். அப்பேர்ப்பட்ட மனிதர் விக்டோரியா நீர்த்தேக்கக் கரையில் தூண்டில் போட்டபடி பேசிக்கொண்டிருக்கும் ஒரு தகப்பனையும் வளர்ந்த மகளையும் வைத்து ‘தக்கை’ என்று ஒரு நாடகம் எழுதியிருந்தார். ஐம்பது நிமிடம், இரண்டே பேர். தகப்பன் அவர், மகள் சிந்துஜா. வேறு யாரைக் கூப்பிடுவது? இருபது வருடமாக நிஜத் தகப்பனும் நிஜ மகளுமாக அவர்கள் இரண்டு பேரும்தான் சேர்ந்து ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.

கண்டியில் வீட்டுக்கு வீடு ஒரு கிறுக்கு உண்டு. ஒரு வீட்டில் அந்தூரியம் வளர்ப்பார்கள், இன்னொரு வீட்டில் கிரிக்கெட் என்றால் சோறு வேண்டாம். மஹியாவையில் இருந்த இந்த வீட்டுக்கு நாடகம். அழகமுத்து கொழும்பு வீதியில் ஒரு புடவைக் கடையில் முப்பத்தெட்டு வருடம் துணி கிழித்துக் கொடுத்தவர். சிந்துஜாவுக்கு இன்சூரன்ஸ் கந்தோர் ஒன்றில் வேலை, வயது முப்பத்து மூன்று. கந்தோரில் அவள் பேசினால் பக்கத்து மேசைக்குக்கூடக் கேட்காது. மேடையில் பேசினால் கடைசி வரிசைக்குக் கேட்கும். பெண் பார்க்க வந்த இரண்டு மூன்று வீட்டார் "கல்யாணத்துக்குப் பொறகும் நடிக்கப் போகுமா?" என்று கேட்டுவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்கள். போனால் போகட்டும் என்று அவளும் இருந்துவிட்டாள்.

ஆனால் உள்ளதைச் சொன்னால், அந்த வீட்டு நாடகங்களை நடத்தியது அவர்கள் இரண்டு பேரும் இல்லை. சிந்துஜாவின் அம்மா புஷ்பம்தான் நடத்தினாள். ஒருநாளும் மேடை ஏறாதவள். மேடையின் இடப்பக்கத் திரைக்குப் பின்னால் கைப்பிடி இல்லாத ஒரு மரக் கதிரையைப் போட்டு, மடியில் வசனக் கொப்பியும் கையில் காகிதம் சுற்றிய டோர்ச் லைட்டுமாக உட்கார்ந்திருப்பாள். மேடையில் நிற்பவருக்கு வசனம் மறந்துபோனால் குதிகாலால் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். அந்த வரியின் முதல் சொல் இடப்பக்கத்திலிருந்து வரும். மேடைக்குக் கேட்கும், முன்வரிசைக்குக் கேட்காது. அளந்து வைத்த மாதிரி ஒரு குரல். முதல் சொல் மட்டும்தான் தருவாள். இரண்டாவது சொல்லும் வேண்டும் என்பவர் வீட்டுக்குப் போய்ப் பாடம் பண்ணட்டும் என்பது அவள் கட்சி.

வரியை மாற்றிச் சொன்னாலோ கதை கந்தல். கொப்பியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி விழும். பிழைவிட்டவர் மேடையில் நிற்கும்போதே சரியான சொல்லை மறுபடி எடுத்துக் கொடுப்பாள். திருத்திச் சொல்லும்வரை விடமாட்டாள். "எழுதினவருக்குத் தெரியாததா ஒங்களுக்குத் தெரியும்?" என்பாள். எழுதியவர் அழகமுத்து. பிழைவிடுகிறவரும் பெரும்பாலும் அழகமுத்துதான்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். புஷ்பம் புருஷன் பேரைச் சொன்னதில்லை. தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். அவளைப் பெற்றவள் சொன்னதில்லை, அவளும் சொல்லவில்லை. வீட்டில் "இந்தாங்க". மேடையில் அவர் போட்டிருக்கும் வேஷத்தின் பேர். ஒருமுறை ஏதோ விண்ணப்பத்துக்காகப் போன இடத்தில் "புருஷன் பேர் என்ன?" என்று கேட்டதற்கு இவள் மகளைத் திரும்பிப் பார்க்க, மகள் வாயைத் திறக்கக் கொஞ்சம் பிந்த, புருஷன் விட்டுவிட்டு ஓடிப்போனவன் என்று நினைத்து எழுதிக்கொண்டிருந்த அம்மையார் பரிதாபமாகத் தலையாட்டினார். அன்று முழுக்க வீட்டில் சிரிப்பு. முப்பத்தைந்து வருடக் குடித்தனத்தில் அழகமுத்து தன் பேரை அவள் வாயால் ஒருதரம்கூடக் கேட்டதில்லை.

அந்தப் புஷ்பம் இரண்டு வருடத்துக்கு முன்னால், நாடகப் போட்டி நடந்த நாளில் செத்துப்போனாள். சீனி வியாதி, காலில் புண், ஆஸ்பத்திரியில் சேர்த்து நாலாவது நாள். "எனக்கு ஒண்ணுமில்ல, நீங்க போயி நடிங்க" என்று அவளேதான் புருஷனை அனுப்பிவைத்தாள். சிந்துஜா தன் வேஷத்தை வேறொரு பெண்ணிடம் கொடுத்துவிட்டுக் கட்டிலோரத்தில் இருந்தாள். ஆறு மணிக்கு மண்டபத்தில் திரை திறந்திருக்கும். ஆறு இருபது போல அம்மாவின் முகம் மாறியது. மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அழகமுத்துவ கூப்பிடு," என்றாள்.

யாரைச் சொல்கிறாள் என்று சிந்துஜாவுக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்தபோது அம்மாவின் முகத்துக்குக் கிட்டக் குனிந்தாள். அம்மா மூன்று தரம் சொன்னாள், மூன்று தரமும் பேர் சொல்லி. நாடகம் தொடங்குமுன் எல்லாருடைய போனையும் வாங்கி ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போட்டு மூடுவது லைட் போடும் சுமனின் வேலை. அவசரத்துக்கென்று அவன் போன் மட்டும் சட்டைப் பையில் திறந்திருக்கும். அந்த நம்பர் சிந்துஜாவின் விரலுக்கடியில் இருந்தது. அழுத்தவில்லை. இன்னும் அரை மணித்தியாலம்தானே, முடிந்துவிடும் என்று நினைத்தாள். தொடங்கிய நாடகத்தை நிறுத்தக்கூடாது என்பது அவளுக்குத் தாய்ப்பாலோடு ஊட்டிய சட்டம். "நாடகம் முடிஞ்ச கையோட வருவாரும்மா," என்று சொன்னாள். ஆறு நாற்பதுக்கு அம்மா போய்விட்டாள்.

முகத்துப் பவுடரோடு ஓடிவந்த தகப்பன் கேட்ட முதல் கேள்வி, "என்னைய கேட்டாளா?" என்பதுதான். சிந்துஜாவின் வாயில் ஒரு வசனம் வந்தது. நல்ல வசனம். "கூப்பிட வேணாம், அவரு முடிச்சிட்டு வரட்டும்னு சொன்னாங்கப்பா."

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இது இரண்டு வருடம் நின்றது. நின்றதோடு இல்லாமல் வளரவும் செய்தது. முப்பத்தோராம் நாள் சோற்றுப் பந்தியில் அழகமுத்து அதைச் சொன்னார். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்தார்கள். கடைக்காரர்களிடம் சொன்னார். விழா மலர் ஒன்றில் எழுதினார். "சாகிற நேரத்திலும் நாடகம் முடியட்டும் என்றவள்" என்று ஊரே புஷ்பத்தைப் பற்றிப் பேசியது. ஒவ்வொரு தடவையும் சிந்துஜா பக்கத்தில் நின்று தலையைக் குனிந்துகொண்டாள், அதையும் துக்கம் என்றே எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

புஷ்பம் போன அன்றைய போட்டியில் சிறந்த நடிகர் கேடயம் அழகமுத்துவுக்குத்தான் கிடைத்தது. நடுக்காட்சியில் அவர் திடீரென்று பேச்சை நிறுத்தி அரை நிமிடம் சும்மா நின்றாராம். அந்த மௌனம் ஒன்றே போதும் என்று நடுவர்கள் புகழ்ந்தார்கள். அவர் கேடயத்தை அலுமாரிக்கு மேலே, பழைய சூட்கேசுக்குப் பின்னால் தள்ளி வைத்துவிட்டார். யாராவது அந்த மௌனத்தைப் பற்றிக் கேட்டால் "அது நடிப்பில்ல" என்று பேச்சை மாற்றுவார். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

‘தக்கை’யை அவர் புஷ்பம் இருந்தபோதே எழுதிவிட்டார். அவள்தான் கொப்பியில் அழகாக எழுதிக் கொடுத்தாள். ஒத்திகைக்கு முன்னால் போய்விட்டாள். இப்போது இரண்டு வருடம் கழித்து அந்தக் கொப்பியைத் திறந்தவர், கடைசிக்கு முந்தின பக்கத்தில் தன் கையெழுத்தில் ஒரு தாளை ஒட்டினார். தூண்டிலைப் பார்த்துக்கொண்டே மகள் சொல்ல வேண்டிய புது வசனம்: "அம்மா கடைசியா என்னா சொன்னாங்க தெரியுமாப்பா? அவர கூப்பிடாத, அவரு முடிச்சிட்டு வரட்டும்னு."

சிந்துஜா அதை இரண்டு தரம் படித்தாள். இவ்வளவு நாளும் பக்கத்தில் நின்று கேட்டால் போதுமாக இருந்தது. இனி அந்தப் பொய்யைத் தன் வாயால், மேடையில், முந்நூறு பேருக்கு முன்னால் சொல்ல வேண்டும்.

"இந்த வரி வேணுமாப்பா?" என்று கேட்டுப் பார்த்தாள்.

"இந்த வரிக்காகத்தான் புள்ள நாடகமே," என்றார் அழகமுத்து.

ஒத்திகை ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில், டியூசன் வகுப்பு நடக்கும் ஒரு டியூட்டரியின் மேல்மாடியில். பிள்ளைகள் உட்காரும் வாங்குகளை ஓரமாகத் தள்ளி நடுவில் இடம் பிடித்தார்கள். ஏரிப் பக்கமிருந்து மழை எழும்பி வந்து தகரத்தில் விழும். அழகமுத்து முதல் வேலையாக இடப்பக்கத்தில் மரக் கதிரையைப் போட்டு, அதன்மேல் கொப்பியைத் திறந்து வைத்தார். யாரும் உட்கார வேண்டாம், சும்மா இருக்கட்டும் என்றார்.

முதல் ஞாயிறு பத்து நிமிடத்திலேயே அவருக்கு வசனம் மறந்தது. அறுபத்தெட்டு வயது, மறக்காமல் என்ன செய்யும். குதிகாலால் இரண்டு தட்டுத் தட்டினார். பழக்கதோஷம், பாவம் என்று நினைத்த சிந்துஜா தானே எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் தலையை இடப்பக்கம் கொஞ்சம் சாய்த்து, ஒரு தலையாட்டு ஆட்டி, வசனத்தைத் தொடர்ந்தார். ஒரு சொல் பிசகவில்லை.

சுமன்தான் சொல்லியிருப்பான் என்று அவள் நினைத்தாள். கொஞ்ச நேரத்தில் சுமன் படியேறி வந்தான், கையில் தேத்தண்ணியோடு தின்ன வாங்கிய பணிஸ் பொதி, தலையெல்லாம் மழை.

"நீயா எடுத்துக் குடுத்த?"

"நான் இப்பதானே அக்கா வாறேன். கடையில சரியான சனம்."

சரி, முப்பத்தைந்து வருடம் கேட்ட குரல் மண்டைக்குள்ளேயே இருக்கும் என்று சமாதானம் பண்ணிக்கொண்டாள். புத்தகமும் கொப்பியுமாய் வளர்ந்த பெண், காத்து கருப்பு என்று ஓடுகிறவள் இல்லை. அன்று போகும்போது கொப்பியை எடுத்துப் பையில் வைக்கப் போனவள் கண்ணில் ஒரு புள்ளி பட்டது. ஒட்டிய தாளின் ஓரத்தில், அந்தப் புது வசனத்துக்கு நேரே, பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி. அப்பா பத்து இடத்தில் தடுமாறியிருந்தார். அங்கெல்லாம் புள்ளி இல்லை. அவள் அந்த வரியை ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்லியிருந்தாள். அதற்குத்தான் புள்ளி.

பேனையோ பென்சிலோ பட்டிருக்கும் என்று இறப்பர் போட்டு அழித்தாள். அடுத்த ஞாயிறு இரண்டு புள்ளி இருந்தது. அதற்கடுத்த கிழமை கொப்பியைக் கந்தோருக்குக் கொண்டுபோய் மேசை லாச்சியில் பூட்டி வைத்தாள். ஞாயிறு எடுத்துப் பார்த்தபோது இரண்டுதான் இருந்தது. ஆறுதலோடு கதிரையில் வைத்தாள். ஒத்திகை முடிந்து பார்த்தால் மூன்று. அப்பாவிடம் காட்டவில்லை. காட்டினால் என்ன பிழை என்று கேட்பார், என்னவென்று சொல்வது?

நாலாவது ஞாயிறு அந்த வரியை அவள் சொல்லி முடித்ததும் அழகமுத்து தன் வசனத்தைச் சொல்லாமல் நின்றார். இடப்பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு மாடிப்படிப் பக்கம் பார்த்தார்.

"யாரு புள்ள என் பேர சொல்றது?"

"யாருமில்லையேப்பா."

"நீ அந்த வரிய சொன்ன ஒடனே. போன கெழமையும் கேட்டிச்சி. அந்தப் பக்கத்துலருந்து ஒரு பொம்பள கொரலு. ‘அழகமுத்துவ’ன்னுது. அம்புட்டுதான், மிச்சம் சொல்ல மாட்டேங்குது."

சிந்துஜாவுக்கு அம்மாவின் சட்டம் ஞாபகம் வந்தது. முதல் சொல் மட்டும். இரண்டாவது சொல் வேண்டும் என்பவர் பாடம் பண்ண வேண்டும்.

"அம்மா நெனப்பா இருக்கும்," என்றாள் எப்படியோ.

"நானும் மொதல்ல அப்பிடித்தான் நெனச்சேன். எடுத்துக் குடுக்குறது ஒங்கம்மான்னு வச்சிக்க, எனக்கென்னா பயம்? சந்தோஷம்தான். ஆனா அவ என் பேர சொல்ல மாட்டாளே," என்றார். துண்டால் கழுத்தைத் துடைத்தார். "இது வேற யாரோ. அதான் புள்ள எனக்கு என்னமோ மாதிரி இருக்கு."

அந்தப் பேரை அம்மா சொல்லுவாள் என்று தெரிந்த ஒரே ஆள் உலகத்தில் சிந்துஜாதான்.

தூண்டில் பிடிக்கும் கை எப்படி இருக்கும் என்று பார்க்காமல் மேடையேறினால் சனம் சிரிக்கும் என்று, ஒரு போயா லீவு தினத்தன்று இருவரும் விக்டோரியா நீர்த்தேக்கக் கரையில் இருக்கும் தெல்தெனியாவுக்குப் போனார்கள். ஒத்திகை மாடியை விட்டு வெளியே போனால் போதும் என்று சிந்துஜாவுக்கு இருந்தது. திகனயில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் ரஸீன் நானா லீவு நாளெல்லாம் அங்கேதான் கிடப்பார் என்று சுமன் சொல்லியிருந்தான். கிடந்தார். தன் தூண்டிலில் ஒன்றை அழகமுத்துவின் கையில் கொடுத்து, பிடியைத் திருத்தி, "தக்கைய பாத்துக்கிட்டே ஈக்கணும். கதைக்கப்படாது. கதச்சா மீன் வராது," என்றார்.

"எங்க நாடகத்துல ஐம்பது நிமிசமும் கதைதான்," என்றார் அழகமுத்து.

"அப்ப ஒங்களுக்கு மீன் வராது," என்று சொல்லிவிட்டு ரஸீன் நானா கரையோரமாகத் தூரத்துக்குப் போய்விட்டார்.

நல்ல வெயில். தண்ணீர் வற்றியிருந்தது. அணை கட்டியபோது மூழ்கிய பழைய ஊரின் படிக்கட்டுகள் சேற்றுக்கு மேலே தெரிந்தன. இரண்டு பேரும் கரையில் உட்கார்ந்து, தக்கையைப் பார்த்தபடி வசனத்தை ஓட்டிப் பார்த்தார்கள். இங்கே திரை இல்லை, கதிரை இல்லை, கொப்பி வீட்டில் இருந்தது. தைரியமாக அந்த வரியைச் சொன்னாள் சிந்துஜா. அழகமுத்துவின் தலை மெதுவாக இடப்பக்கம் திரும்பியது. இடப்பக்கத்தில் தண்ணீர்தான் இருந்தது.

"இங்கயுமா," என்றார் சின்னக் குரலில்.

இனித் தாங்காது என்று அவளுக்குத் தெரிந்தது. "அப்பா, அன்னைக்கி ஆஸ்பத்திரில அம்மா..." என்று தொடங்கினாள்.

அவர் கையைத் தூக்கி மறித்தார். "தெரியும் புள்ள. அந்த ஒரு வார்த்தையிலதான் நான் உசுரோட இருக்கேன். கடைசி நேரத்துல பக்கத்துல இல்லாமப் போனேனேன்னு நெனச்சா நெஞ்சு அடைக்கிது. அவளே வேணாம்னுட்டாளேன்னு நெனச்சாத்தான் ராவைக்கி தூக்கம் வருது. அது மட்டும் இல்லாட்டி என்னைய எப்பவோ தூக்கியிருப்பீங்க."

சொன்னால் அப்பா போய்விடுவார், சொல்லாவிட்டால் அம்மா விடமாட்டாள். நடுவில் மாட்டிக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல், மிதக்கிற அந்தச் சிவப்புத் தக்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒக்டோபரில் போட்டி. மண்டபம் நிறைந்திருந்தது. வெளியே மழை, உள்ளே நனைந்த குடைகளின் வாடை. திரை திறக்குமுன் அறிவிப்பாளர் புஷ்பத்தைப் பற்றி நாலு வார்த்தை பேசினார்; சாகும்போதும் நாடகம் முடியட்டும் என்ற அந்தத் தாய்க்கு இந்த நாடகம் காணிக்கை என்றார். சனம் கை தட்டியது. சிந்துஜாவுக்குக் காது எரிந்தது.

சுமனைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்தக் கதிரையில நீ உக்காரு. நாடகம் முடியிறவரைக்கும் எழும்பாத," என்றாள். அவன் எதற்கென்று கேட்காமல் பிஸ்கட் டின்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். நிறைந்த கதிரையில் வேறு யாரும் வர முடியாது என்று ஒரு கணக்கு அவளுக்கு. படித்த பிள்ளையின் கணக்கு.

மேடையில் நீலச் சேலை ஒன்றை விரித்து அதுதான் நீர்த்தேக்கம். இரண்டு முக்காலி, இரண்டு தூண்டில். அழகமுத்து அன்று பிரமாதமாக நடித்தார். ரஸீன் நானா திருத்திய பிடி கையில் அப்படியே இருந்தது. ஒருதரமும் குதிகால் தட்டவில்லை. சனம் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்து, அடங்க வேண்டிய இடத்தில் அடங்கியது. அந்த வரி கிட்ட வந்தபோது சிந்துஜா ஓரக்கண்ணால் இடப்பக்கம் பார்த்தாள்.

சுமன் கதிரையில் இல்லை. கதிரைக்குப் பக்கத்தில், டின்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பஸ்ஸில் பெரியவர் யாருக்கோ இடம் விட்டவன் போல எழுந்து நின்றிருந்தான்.

"அம்மா கடைசியா என்னா சொன்னாங்க தெரியுமாப்பா?" என்றாள் சிந்துஜா.

அடுத்தது வரவில்லை. அவளே இட்டுக்கட்டிய வரி, இரண்டு வருடமாகக் காதில் விழுந்துகொண்டிருக்கும் வரி, துடைத்துவிட்டது போலப் போய்விட்டது. யோசித்துச் செய்யவில்லை, கால் தானாகத் தட்டியது. ஒன்று, இரண்டு.

இடப்பக்கத்திலிருந்து வந்தது. மேடைக்குக் கேட்கிற, முன்வரிசைக்குக் கேட்காத அந்த அளவில்.

"அழகமுத்துவ."

ஆஸ்பத்திரியில் கேட்ட இழுப்பு இல்லை. திடமான, அவசரமில்லாத, வேலை பார்க்கிற குரல். சிந்துஜாவுக்குப் பயம் போய்விட்டது. எவ்வளவு நாளாக இந்தக் குரலைக் கேட்காமல் இருந்திருக்கிறோம் என்று அழுகைதான் வந்தது.

"அழகமுத்துவ கூப்பிடுன்னு சொன்னாங்க," என்றாள். "முடிச்சிட்டு வரட்டும்னு சொல்லலப்பா. அது நான் சொன்ன பொய். கூப்பிடுன்னுதான் சொன்னாங்க. மூணு தரம் சொன்னாங்க. போன் என் கையிலதான் இருந்திச்சி. நான் கூப்பிடல."

நாடகத்தில் தகப்பன் பேர் மாணிக்கம். முன்வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தார். அழகமுத்து தூண்டிலை விடவில்லை. அதன் நுனி மட்டும் மெல்லச் சரிந்து நீலச் சேலையைத் தொட்டது.

"பேர் சொல்லியா?" என்று கேட்டார்.

"பேர் சொல்லி."

அவர் குதிகாலால் இரண்டு தட்டுத் தட்டினார். இடப்பக்கம் பார்த்துக் காத்திருந்தார். சிந்துஜாவும் காத்திருந்தாள். ஒரு சொல்லும் வரவில்லை. இனிமேல் கொப்பியில் எழுதிய வசனம் எதுவும் உதவாது என்று இடப்பக்கத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"எத்தன மணிக்கி?" என்றார்.

"ஆறு இருவது இருக்கும்பா."

அழகமுத்து தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். அவர் பேசியபோது அது மேடைக் குரலாக இல்லை, கடைசி வரிசைக்குக் கேட்டிருக்காது.

"எனக்குக் கேட்டிச்சி புள்ள. அன்னைக்கி மேடையில நிக்கிறேன், இடப்பக்கத்துலருந்து ஒரு பொம்பள என் பேர சொன்னா. ஒரு தரம் இல்ல, மூணு தரம். நான் பேச்ச நிப்பாட்டிட்டு நின்னேன். யாரு இதுன்னு யோசிச்சேன். புஷ்பம் என் பேர சொல்ல மாட்டாளே, இது யாரோன்னுட்டு..." தூண்டிலைக் கீழே வைத்தார். "அடுத்த வசனத்த சொல்லிட்டேன்."

சிந்துஜா முக்காலியை விட்டு எழுந்து நீலச் சேலையை மிதித்துக்கொண்டு போய் அவர் காலடியில் உட்கார்ந்தாள். அவர் அவளைத் திட்டவில்லை. அவள் தலையில் கையை வைத்தார், கை கனத்தது. சனம் இதுதான் நாடகத்தின் முடிவு என்று எடுத்துக்கொண்டது. முதலில் ஒருவர் தட்டினார், பிறகு மண்டபமே எழுந்து நின்று தட்டியது. சுமன் ஓடிப்போய்த் திரையை இழுத்தான்.

அழகமுத்து மேடையின் நடுவுக்கு வந்து கும்பிடவில்லை. பக்கத் திரையை விலக்கிக்கொண்டு இடப்பக்கம் போனார். கதிரையில் கொப்பி மூடியிருந்தது. நாடகம் முடிந்தால் மூடி வைப்பது புஷ்பத்தின் வழக்கம். சுமன் அதைத் தொடவில்லை என்று பிறகு சத்தியம் பண்ணினான். அவர் கதிரைக்கு முன்னால், பந்திக்குப் பிந்தி வந்த ஆள் போலக் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"வந்துட்டேன்," என்றார்.

சிந்துஜா அதற்கு மேல் கேட்கவில்லை. பக்கத் திரையை இழுத்துவிட்டு, யாரும் உள்ளே போகாதபடி அதற்கு முன்னால் நின்றுகொண்டாள். வெளியே ஒலிபெருக்கியில் பேர் கேட்டது. சுமன் மூச்சு வாங்க வந்தான்.

"அக்கா, ஐயாவ மேடைக்கி கூப்பிடுறாங்க. நடுவர்மார் எல்லாம் வந்து நிக்கிறாங்க."

"இப்ப வர மாட்டாரு," என்றாள் சிந்துஜா. "அவங்களுக்கு முன்னாலயே ஒருத்தங்க கூப்பிட்டிருக்காங்க. அங்க போயிருக்காரு."